கவுனைக் கழற்றிய வக்கீல்

எறணாகுளம்
12 ஜூன் 1957

வெங்கிட்டு,

'பிரிய' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் வெறும் பெயர்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம், நம் குமாஸ்தாவுக்கு மலையாளமும் இங்கிலீஷும் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஆபீசில் நாம் போட்ட சண்டை கோர்ட் முழுக்கப் பரவிவிட்டது. கடிதத்தில் போடுவதாவது நமக்குள் இருக்கட்டும்.

நேற்று பார் அசோசியேஷனில் சொன்னார்கள். நீ வக்கீல் சன்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், காயல் ஓரத்தில், ஒரு பழைய கொப்பரைக் கிடங்கை எடுத்துக் குடிகாரர்களைத் தங்கவைத்து, அவர்கள் குடியை நிறுத்தப் பார்க்கிறாயாம். சொன்னவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் என் முகத்தில் வேறு எதையாவது பார்த்திருப்பான்.

லா காலேஜ் முடித்த நாளிலிருந்து ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து தொழில் செய்தோம். சாட்சியை விசாரிக்க நான், சட்டம் பேச நீ. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம் என்று தெரிந்தால் எதிர்க்கட்சி வக்கீல் வாய்தா கேட்பான். ஹைகோர்ட்டில் நமக்கென்று ஓர் இடம் வருகிற சமயம் பார்த்து, துறைமுகத் தீவில் கப்பல் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் செல்லதுரைக்காக எல்லாவற்றையும் விட்டாய்.

அவனுடைய அந்த அடிதடிக் கேஸ் ஜெயித்திருக்க வேண்டியது. அடி வாங்கிய சாயாக்கடைக்காரனும் அவன் தம்பியும் கூண்டில் நின்று உளறியிருந்தார்கள். நீ எழுந்து, "என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்றாய். மாஜிஸ்திரேட்டே பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். ஜெயிலிலிருந்து வந்த அன்றே செல்லதுரை மறுபடி குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். அவனைத் தூக்கி வந்து நம் ஆபீஸ் பின்னறையில் படுக்கவைத்தாய். முன்னறையில் கட்சிக்காரர்கள், பின்னறையில் அவன் வாந்தி. "இவனா, நானா?" என்று கேட்டேன். நீ கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

குடிகாரன் கிடக்கும் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். மது பட்ட பாத்திரத்தைக்கூட வீட்டுக்குள் விடாத அத்தாவுக்குப் பிறந்தவன் நான். என் ஆபீஸ் படி இனி ஏறமாட்டேன் என்று நீயும் சொன்னாய். நடுவே இருப்பது ஒரு காயல். அதைத் தபால்காரர் கடக்கட்டும்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. ஏன்?

ஷௌகத் அலி


மட்டாஞ்சேரி
3 ஜூலை 1957

பிரிய ஷௌகத்,

எனக்குக் கை வருகிறது.

அன்று காலை கோர்ட் வராந்தாவில் நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. செல்லதுரை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. "கவலைப்படாதே, இன்னிக்கு நீ வெளியே வந்துடுவே" என்றேன். அவன் என் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"சாரே, இந்தத் தடவ என்னை எறக்கி விட்ராதீங்க. உள்ள கெடந்தாத்தான் நான் குடிக்காம இருப்பேன். வெளிய விட்டீங்கன்னா, வீடு வர்றதுக்கு முந்தி கள்ளு ஷாப்பு வரும்."

என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் வெளியே எடுத்துவிடச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். உள்ளே போடச் சொல்லிக் கேட்டவன் இவன் ஒருவன்தான். கட்சிக்காரன் சொன்னபடி நடந்துகொண்டேன். நான் தோற்றதாக நீ சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் ஜெயில் கதவு திறந்த அன்று நீ பார்த்ததை நானும் பார்த்தேன். உள்ளே பூட்டிவைத்தது, வெளியே வந்ததும் அவிழ்ந்துவிட்டது. அவனைப் பின்னறையில் வைத்துக்கொண்டிருந்தபோது, பூட்டே இல்லாத ஓர் இடத்தில் இவனால் இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு கேஸ் கட்டையும் என்னால் பிரிக்க முடியாது என்றும் தோன்றியது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

இங்கே இப்போது ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். டாக்டர் சிவராமகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வேலை முடிந்து தினமும் வந்து பார்க்கிறார். முதல் சில நாள் நடுக்கமும் பிதற்றலும்தான். அதைத் தாண்டியதும் கஞ்சி இறங்குகிறது. அப்புறம் கிடங்கைக் கூட்டுவது, மீன் வலை பின்னுவது, சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. என்ன பேசுவது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. நான் வாதம் செய்யக் கற்றவன். இவர்களிடம் வாதம் எடுபடாது, எல்லோரும் என்னைவிட நன்றாக வாதம் செய்கிறவர்கள். அதனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் சாமியாராகிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதே திமிர், ஜெயிக்காமல் விடமாட்டேன் என்ற அதே பிடிவாதம். வீட்டுச் செலவுக்கு ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன்.

திரிபுரா பாலக்காட்டில் அவள் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டாள். "நான் வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டவளாக்கும், கேட்டேளா?" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

உன்
வெங்கிட்டு


எறணாகுளம்
20 அக்டோபர் 1957

வெங்கிட்டு,

உன் கடிதத்தை வாசித்தேன். சமாதானம் ஆகவில்லை.

படகுக்காரன் கையில் ஒரு மூட்டை வரும். செல்லதுரை படுத்திருந்த பாயும் தலையணையும் அதில் இருக்கின்றன. எனக்கு வேண்டாம், தூக்கி எறியவும் மனசு வரவில்லை. கூடவே என் பெண்டாட்டி சஃபியா புதுப் போர்வைகள் சில வைத்திருக்கிறாள். அது அவள் காரியம், எனக்குச் சம்பந்தமில்லை.

பூட்டு இல்லாத இடம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும். ஒரு தாழ்ப்பாளைக்கூட வெளிப்பக்கம் போடாதே. யாராவது ஒருவனின் மாமனாரோ மச்சானோ போலீசில் போய், 'அடைத்துவைத்திருக்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே போவது நீதான். சொந்த இஷ்டத்தில் வந்தேன் என்று ஒவ்வொருவனிடமும் டாக்டர் முன்னால் கேட்டு வாங்கிக்கொள். இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார்! சட்டம் படித்தவன் நீ.

இப்போது எனக்கு எதிரே உட்காரும் ஜூனியர் நல்ல பையன்தான். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். அவனோடு ஒரு கேஸ் பற்றி ஐந்து நிமிஷம் சண்டை போட முடியவில்லை.

ஷௌகத்


மட்டாஞ்சேரி
14 செப்டம்பர் 1958

பிரிய ஷௌகத்,

எழுதி நாளாகிவிட்டது. சொல்ல நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு வந்திருக்கிறது.

முதலாவது திரிபுரா. மிச்சமிருந்த பாத்திரங்களை எடுத்துப்போகத்தான் வந்தாள். அன்றைக்குச் சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு வாத்தியாரைக் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி கனகாம்பாள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். எங்களில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. திரிபுரா பாத்திரமும் கையுமாக வந்தவள், அவற்றைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, புருஷாளுக்கு வீடு வெச்சிருக்கேள். இவாள்ளாம் எங்க போய் அழறது? அந்தப் பொம்மனாட்டி எத்தனை வருஷமா அடி வாங்கிண்டிருக்கா தெரியுமோ? ஒரு வாய் காப்பி குடிக்கறயான்னு கேட்க உங்க கூட்டத்துல ஒரு ஆள் இல்லையா?"

அவள் பாலக்காட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெண்கள் வருகிறார்கள். அந்த நேரம் ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. நானும் காயல் படியில்தான் உட்காருகிறேன். உள்ளேயிருந்து சில நாள் அழுகை கேட்கும், சில நாள் பெரிய சிரிப்பு. என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேட்டால், "உங்களைப் பத்தித்தான்" என்கிறாள்.

இரண்டாவது செல்லதுரை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தொடவில்லை. பழைய மேஸ்திரி அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். வந்து பார்க்கச் சொல்லி விடாமல் நச்சரித்தான். தீவுக்குப் போனேன். கப்பலின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய இயந்திரப் பெட்டியைத் தூக்கினான். கீழே இருபது பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். கை ஒரு இழை நடுங்கினால் போதும், யாராவது ஒருத்தன் நசுங்கிவிடுவான். தூளியில் பிள்ளையைப் போடுகிற மாதிரி அதைத் தரையில் இறக்கினான். சத்தமே வரவில்லை. இறக்கிவிட்டு மேலேயிருந்து என்னைத் தேடினான்.

ஷௌகத், நான் ஜெயித்த எந்தத் தீர்ப்பை வாசித்தபோதும் நெஞ்சு இப்படி விம்மியதில்லை. யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உன் ஞாபகம்தான் வந்தது.

உன்
வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
9 மார்ச் 1960

ஷௌகத்,

இங்கே ஓர் ஆள் செத்துப்போய்விட்டான்.

முப்பிடாதி என்று பெயர். திருநெல்வேலிப் பக்கம், பஜாரில் மூட்டை சுமப்பவன். வந்து மூன்றாம் நாள். நடுக்கம் உச்சத்தில் இருந்தது. முந்தின ராத்திரி முழுக்கச் செல்லதுரைதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போனோம். "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றான். உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டான். முப்பிடாதி எழுந்து, யாரோ கூப்பிடுகிற மாதிரி பின்வாசல் வழியாக நேரே காயலுக்குள் இறங்கிவிட்டான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக் குதித்தார்கள். பலன் இல்லை.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது. டாக்டரைப் பற்றியும் என்னைப் பற்றியும் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. தெருதான் எழுதிவிட்டது. கிடங்கு வாசலில் கூட்டம்.

அன்று சாயங்காலம் செல்லதுரை காணாமல் போனான். இரண்டு வருஷத்துக்கு மேல் தொடாதவன். தோப்பும்படி பக்கத்தில் ஒரு ஷாப்பில் முட்டமுட்டக் குடித்திருக்கிறானாம், இன்னும் திரும்பவில்லை. இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

நீ கேட்ட அந்தக் கேள்வியை இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன். வக்கீலாகவே இருந்திருந்தால் என்னால் ஒருத்தனும் செத்திருக்க மாட்டான்.

வெங்கிட்டு


எறணாகுளம்
11 மார்ச் 1960

பிரிய வெங்கிட்டு,

உன் கடிதம் காலையில் வந்தது. இரண்டு கேஸுக்கு வாய்தா வாங்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

சாட்சியைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன், பதிலை உனக்கே சொல்லிக்கொள். முப்பிடாதியை டாக்டர் பார்த்தாரா? பார்த்தார். மருந்து கொடுத்தாரா? கொடுத்திருப்பார், சிவராமகிருஷ்ணனை எனக்குத் தெரியும். ஓர் ஆள் காவல் இருந்தானா? இருந்தான். நீங்கள் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவன் எங்கே கிடந்திருப்பான்? பஜாரில், தெருவில். அங்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க யார் உட்கார்ந்திருப்பார்கள்?

உன்மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் உனக்கெதிராக உன் மனசு நடத்தும் வழக்கில் எதிர்த்தரப்பு பேசவே இல்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதாதே.

இரண்டு காரியம் உடனே செய். பின்வாசலுக்கும் காயலுக்கும் நடுவில் ஒரு வேலி. அதைவிட முக்கியம், செல்லதுரையைத் தேடிப் போ. என்னைக் கேட்டால் இன்றைக்கு அபாயத்தில் இருக்கிறவன் அவன்தான்.

சஃபியா உங்கள் இரண்டு பேருக்காகவும் துவா செய்கிறாள்.

உன்
ஷௌகத்


எறணாகுளம்
6 ஆகஸ்ட் 1960

பிரிய வெங்கிட்டு,

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் கிடங்கை ஒட்டி மிளகுக் கிடங்கு வைத்திருக்கும் வெங்கிடாசலம் செட்டியார் என் ஆபீசுக்கு வந்தார். உன் வீட்டை அங்கிருந்து எடுக்கச் சொல்லி வழக்குப் போடுகிறார். கூச்சல், வாடிக்கைக்காரர்களுக்குப் பயம், போதாததற்கு ஒரு சாவு. எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். நானும் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். வக்காலத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ ஒரு வரி எழுது. 'எடுக்காதே' என்று. எடுக்கமாட்டேன்.

ஷௌகத்


மட்டாஞ்சேரி
8 ஆகஸ்ட் 1960

பிரிய ஷௌகத்,

எழுதமாட்டேன்.

செட்டியார் பொய் சொல்கிறவர் இல்லை. கூச்சல் கேட்பது உண்மை. நடந்த சாவும் உண்மை. அவருக்கு ஒரு நல்ல வக்கீல் வேண்டும், அது நீயாக இருந்தால் எனக்கு அவமானமில்லை. மட்டமான ஒருத்தனிடம் தோற்பதைவிட உன்னிடம் தோற்பது மேல்.

எனக்காக யார் பேசுவார்கள் என்று கேட்பாய். நானே பேசுவேன். பிரதிவாதி தன் வழக்கைத் தானே பேசச் சன்னது வேண்டியதில்லை.

மார்ச்சில் நீ சொன்னபடி, உன் கடிதம் வந்த அன்றே செல்லதுரையைத் தேடிப் போனேன். வழியிலேயே எதிரில் வந்தான். எங்கள் வாசலை நோக்கித்தான் நடந்து வந்துகொண்டிருந்தான். இதை உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

வெங்கிட்டு


எறணாகுளம்
12 ஆகஸ்ட் 1960

வெங்கிட்டு,

செட்டியாரிடம் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிநேகிதத்துக்காக என்று நினைத்துக்கொண்டு மார்தட்டாதே. செல்லதுரை குடித்ததை மார்ச்சில் என்னை நம்பி எழுதினாய். உன் வழக்கைக் கவிழ்க்க அது ஒன்று போதும். செட்டியாரின் வக்கீலாக அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, உன் சிநேகிதனாக அதைச் சொல்லவும் முடியாது. அவரிடம் காரணம் சொல்லவில்லை.

அவர் தரப்பைக் கேட்டுவிட்டதால் உனக்காகவும் இனி நான் வாய் திறக்க முடியாது. உனக்கு ஒரு யோசனை சொன்னால்கூட அவருக்குத் துரோகம். அதனால் வழக்கு முடியும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

ஷௌகத்


எறணாகுளம்
25 பிப்ரவரி 1961

பிரிய வெங்கிட்டு,

தீர்ப்பு வந்துவிட்டது, இனி எழுதலாம்.

விசாரணை நாளன்று நான் கோர்ட்டில் இருந்தேன். உனக்குத் தெரியாது. மட்டாஞ்சேரிக்குப் படகேறினேன், ஆனால் கோர்ட் உன் வாசல் இல்லையே! கவுன் இல்லாமல், கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்தேன். நீ முழுக்க முழுக்க முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாய். அதனால் உனக்குப் பின்னால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ வேட்டியும் சட்டையுமாக எழுந்தபோது முன்வரிசையில் இரண்டு இளம் வக்கீல்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒருவன், "இது நம்முட மத்தியபானி வக்கீலல்லே?" என்றான். குடிகார வக்கீலாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் கடைசி பெஞ்சு முழுக்கத் திரிபுராவும் அவளுடைய செவ்வாய்க்கிழமைப் பெண்களும். கோர்ட்டுக்கு அப்படி ஒரு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

வெளியே வராந்தாவில் தோப்பும்படி ஷாப்புக்காரன் உட்கார்ந்திருந்ததை உள்ளே வரும்போதே பார்த்தேன். செட்டியாரின் புது வக்கீல் அவனை எதற்குக் கூட்டி வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. நீ செல்லதுரையைக் கூண்டில் ஏற்றினாய். கேட்காதே, கேட்காதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் கேள்வியே நீ அதைத்தான் கேட்டாய்.

"நீ கடைசியாக எப்போது குடித்தாய்?"

"முப்பிடாதி செத்தப்போ, சாரே. மூணு நாலு நாள் நிறுத்தாம."

முன்வரிசைச் சிரிப்பு அங்கேயே நின்றது. செட்டியாரின் வக்கீல் கையிலிருந்த பென்சிலை மேஜையில் போட்டார்.

"ஏன் குடித்தாய்?"

"நான்தான் காவல். ஒறங்கிட்டேன். அவன் போய்ட்டான்." அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. முன்சீப் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நீ காத்திருந்தாய். உனக்கு இவ்வளவு பொறுமை எப்போது வந்தது? நம் காலத்தில் சாட்சி மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வியைப் போடச் சொல்லி என்னை இடிப்பாய்.

"குடித்துவிட்டு எங்கே போனாய்?"

"எங்க போக? வீட்டுக்குப் போனா பொஞ்சாதி மொகத்தப் பாக்கணும். வேலைக்குப் போனா யாரையாவது கொன்னுடுவேன். கள்ளு தெளியத் தெளிய அழுதுக்கிட்டே சாரோட கெடங்குக்குத்தான் போனேன். கதவு தெறந்துதான் கெடந்துச்சு. கதவு பூட்டியிருந்தா நானும் காயல்லதான் எறங்கியிருப்பேன்."

நீ அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாய். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், ஷாப்புக்காரனைக் கூப்பிட ஆளனுப்பிவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் காகிதங்களைப் புரட்டினார். அப்போதுதான் செட்டியார் கை நீட்டி அவர் கவுனைப் பிடித்து இழுத்தார். நீ முன்சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். "மதி, போதும் சார், இரியுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வக்கீல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் செட்டியார் செல்லதுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எத்தனையோ சாட்சிகளை உடைத்திருக்கிறேன். தன் சாட்சியின் உடைந்த இடத்தைத் தானே எடுத்துக் காட்டி ஜெயித்த ஒருத்தனை அன்றுதான் பார்த்தேன். பின்னால் ஒரு பெண் குரல் தேம்பியது. திரிபுராவா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மகாராணி மாதிரி.

வழக்குத் தள்ளுபடி. செட்டியார் பக்கத்துச் சன்னல்களை மூடிவைக்க வேண்டும், வேலியை உயர்த்த வேண்டும். இதெல்லாம் நியாயம்தான், ஒழுங்காகச் செய்.

இப்போது என் விண்ணப்பம். சன்னதைத் திரும்ப வாங்குவது கஷ்டமில்லை, விசாரித்துவிட்டேன். அன்று அந்த முன்சீப் கோர்ட்டில் நீ பேசியதை ஹைகோர்ட் கேட்க வேண்டும். வீட்டைத் திரிபுராவும் டாக்டரும் செல்லதுரையும் பார்த்துக்கொள்வார்கள். நீ பாதி நாள் அங்கே இரு, பாதி நாள் இங்கே. எனக்கு எதிரே இருக்கும் நாற்காலியை நாளைக்கே காலி செய்யச் சொல்கிறேன்.

உன்
ஷௌகத்


மட்டாஞ்சேரி
3 மார்ச் 1961

பிரிய ஷௌகத்,

தூண் மறைவில் உட்கார்ந்தாயா? திரிபுராவுக்குத் தெரியுமாம்! "ஷௌகத் அண்ணா வந்திருந்தார், சொன்னா நீங்க தடுமாறிடுவேள்னு சொல்லலை" என்கிறாள். என் வழக்கை எனக்குத் தெரியாமல் என்னைவிட நன்றாக நடத்தியிருக்கிறாள்.

செல்லதுரையிடம் நான் முன்கூட்டியே கேட்டேன். "உன்னைக் கூண்டில் ஏற்றினால் அதைக் கேட்பேன். ஏறாமல் இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை" என்றேன். அவன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். பிறகு வந்து, "கேளுங்க சாரே. அவங்க கேட்டா அசிங்கம். நீங்க கேட்டாச் சொல்லலாம்" என்றான். ஜெயித்தது அவன் தைரியம். என் பங்கு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், அன்று நான் நன்றாகத்தான் பேசினேன்!

உன் நாற்காலி விஷயம். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லாமல் புரண்டேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி இல்லை. நன்றாகத் தூங்கினேன். தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். திரிபுரா பாயசம் வைத்திருந்தாள். புதிதாக வந்த ஒருவன், ஏலூர் உரக் கம்பெனியில் வேலை செய்கிறவன், கை நடுங்கியதில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். சுள்ளிக்கல் வாத்தியார் தன் கிண்ணத்தை அவன் முன்னால் தள்ளி, அவன் கையைப் பிடித்துக் குடிக்கவைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலையில் கோர்ட்டில் ஜெயித்தது பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது போலத் தோன்றியது.

பாதி நாளுக்கு இங்கே வேலை இல்லை, ஷௌகத். முழு நாளும் வேண்டியிருக்கிறது. நான் வரவில்லை. எனக்கு இதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை, நீயும் படாதே. அந்த ஜூனியரை வைத்துக்கொள். அவனுக்குச் சண்டை போடக் கற்றுக்கொடு.

உன்
வெங்கிட்டு


எறணாகுளம்
14 மார்ச் 1961

பிரிய வெங்கிட்டு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கோபமாக இருந்தேன். நேற்று அது போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

நேற்று பார் அசோசியேஷனில் விருந்து. ஜட்ஜ் ஒருவரும் வந்திருந்தார். நம்மைப் பழைய நாளிலிருந்து தெரிந்தவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்: "உங்கள் பார்ட்னர் வெங்கிடராமன் இப்போது என்ன செய்கிறார்? பிராக்டீஸை விட்டுவிட்டாராமே, பாவம்."

மேஜையைச் சுற்றிச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அன்று முன்வரிசையில் இடித்துக்கொண்ட இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். நான் கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, கோர்ட்டில் பேசிப் பழகிய உடம்பு.

"விடவில்லை சார்" என்றேன். "மட்டாஞ்சேரியில் பிராக்டீஸ் பண்ணுகிறார். நம்மில் ஒருத்தரும் எடுக்கத் துணியாத கேஸ்களாக எடுக்கிறார். கட்சிக்காரன் தோற்றுத் திரும்பி வந்தாலும் கதவைச் சாத்துவதில்லை. நான் அவருடைய பார்ட்னராக இருந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை."

யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது, அதற்கு எப்படிப் போவது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். யாருக்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. வழி சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. உன் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் நானும் சஃபியாவும் வருகிறோம். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் சொல்லைத் தவறுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள், எனக்குக் கவலையில்லை. படகு ஜெட்டிக்கு நீ வரவேண்டாம். செல்லதுரையை அனுப்பு. அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, அதை உன் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

உன்
ஷௌகத்